ஒரே காசுக்கு இரண்டு தடவை

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாளே முதலாளி, அவள்தான் அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் குளித்துத் தலைவாரி, செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னங்க, கிளம்பறீங்களா? இல்ல, நான் போய் உங்க நாற்காலியில உட்காரட்டுமா?"

உள்ளே அவள் கணவர் குடைக்காரர் கண்ணாடி முன்னால் நின்று, போட்ட பொத்தானையே மூன்றாவது தடவையாக அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்திரிகைகளும் இப்போது அவரைக் குடைக்காரர் என்றே எழுதுகின்றன. இருபது வருடம் ஒரே கடை. புதுக் குடை விற்பார், பழைய குடைக்குக் கம்பி மாற்றிக் கொடுப்பார். ஐந்து மாதத்துக்கு முன்னால் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தபோது, "சும்மா நில்லுங்க, ஜெயிக்கவா போறோம்?" என்று கட்சிக்காரர்கள் நிறுத்தினார்கள். நூற்றுப் பதினேழு ஓட்டில் ஜெயித்துவிட்டார். கடை மனைவி கைக்குப் போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயர் முதலாளி.

அந்த முதலாளிக்கும் அவருக்கும்தான் ஒரு வாரமாகப் பேச்சு சரியில்லை. காரணம் மசோதா. வருமான வரியை அடியோடு எடுத்துவிட்டு, கடையில் பொருள் வாங்கும்போது மட்டும் நாடு முழுவதும் ஒரே விற்பனை வரி. அவ்வளவுதான் மசோதா. நாடே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. முடி திருத்தும் கடையில் பாதி முகத்தில் சோப்போடு எழுந்து நின்று சண்டை போட்டவர்கள் உண்டு.

முதலாளிக்கு அந்த மசோதா உயிர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வரி அலுவலகத்தில் ஒரு அதிகாரி, கடைக் கணக்கோடு போன அவளை மூன்று நாள் நிற்க வைத்து, ஏழு வருடத்து ரசீதுகளைக் கேட்டு, கடைசியில், "மழையே பெய்யாத வருஷத்துல இவ்வளவு குடை எப்படிம்மா வித்தீங்க?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. அப்படியிருக்க, "கொஞ்சம் யோசிக்கணும்" என்று கணவன் சொன்னால் தட்டு நகராமல் என்ன செய்யும்?

கூடத்தில் அப்பா வானொலிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. தண்ணீர் வாரியத்தில் முப்பத்தாறு வருடம் பம்பு ஓட்டியவர்.

"இன்னிக்காவது வாயைத் திறப்பியா?" என்றார் மகனிடம்.

"ஒரு கேள்வி கேக்கலாம்னு இருக்கேன்பா."

"சுருக்கமாக் கேளு. நீ குடையை விக்கறதுக்குள்ள மழை விட்டுடும்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரக் கோபம் வீணாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டாள்.

*

அக்கா விடிந்ததுமே போய்விட்டிருந்தாள்.

குடைக்காரருக்கு ஆறு வயது மூத்தவள். கல்யாணம் அவளுக்கு ஒத்துவரவில்லை, வேலை ஒத்துவந்தது. தம்பி உறுப்பினராக நுழைவதற்கு இருபத்து நாலு வருடம் முன்பே அந்த அவைக்குள் நுழைந்துவிட்டவள் அவள். அங்கே அவள் சுருக்கெழுத்தாளர்.

வேலை இதுதான். அவை நடுவில் உள்ள மேசையில் உட்கார்ந்து, பேசுவதை எல்லாம் பத்து நிமிடம் எழுத வேண்டும். அடுத்தவர் வந்து தோளருகே நின்றதும் எழுந்து போய், எழுதியதைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கம்தான் அவைக்குறிப்பு. நூறு வருடம் கழித்து எவராவது புரட்டினாலும் அதுதான் நடந்தது.

அன்றைய முறைப் பட்டியலோடு பிரிவுத் தலைவர் அவள் மேசைக்கு வந்தார். காற்புள்ளி ஒன்று குறைந்தால் முழுப் பக்கத்தையும் திருப்பி அனுப்புகிறவர். ஆகையால் கமா சார்.

"மூணு மணிக்கு உங்க தம்பி பேசறார். அப்போ உங்க முறை வருது. மாத்திக்கறீங்களாம்மா?"

"எதுக்கு சார்? அவன் பேசறதும் தமிழ்தானே."

"இல்ல, சொந்தத் தம்பி... கை நடுங்கிட்டா?"

"அவன் அஞ்சாங்கிளாஸ்ல ஒப்புவிச்சப்போகூட நான்தான் புத்தகத்தைப் பிடிச்சுட்டு நின்னேன். எனக்கு நடுங்காது. அவனுக்குத்தான் நடுங்கும்."

அப்படிச் சொன்னாளே தவிர, இரண்டே முக்காலுக்கே நான்கு பென்சில்களைச் சீவி வைத்துவிட்டாள். எப்போதும் இரண்டுதான்.

*

இருபத்து நாலு வருடமாகப் பார்க்கிற கூடம்தான். ஆனாலும் உள்ளே காலை வைத்ததும் அவள் நடை தானாகவே மெதுவாகிவிடும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை. வட்ட வட்டமாக மேலேறும் இருக்கைகள். சுருக்கெழுத்து மேசை எல்லாவற்றுக்கும் கீழே, நட்ட நடுவில். கிணற்றுக்குள் உட்கார்ந்து, சுற்றிலும் எட்டிப் பார்க்கிற முகங்களைப் பார்ப்பது போலிருக்கும்.

அன்று ஒரு இருக்கை காலியில்லை. மேலே பார்வையாளர் மாடத்தில் முதலாளி முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நிதியமைச்சர் பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அந்த மசோதாவுக்காக எட்டு வருடம் உழைத்தவர். எதிர்க்கட்சிக்காரர்களும் அவரைப் பேர் சொல்லித் திட்டியதில்லை.

"சம்பாதிக்கிறவன் கையைப் பிடிக்க வேண்டாம். செலவழிக்கிறவன் பையைப் பார்ப்போம். ஒளிச்சு வெச்ச பணமும் ஒருநாள் கடைக்கு வந்துதானே ஆகணும்? அங்கே அது வரி கட்டும். ஏழைக் குடும்பம் அரிசி பருப்புக்குக் கட்டற வரியை மாசா மாசம் முன்கூட்டியே அவங்க கையில திருப்பிக் கொடுத்திடுவோம். இனிமே இந்த நாட்டுல எந்த மனுஷனும் தன் வருமானத்தை இன்னொரு மனுஷன் முன்னாடி நின்னு ஒப்புவிக்க வேண்டாம்."

மாடத்தில் யாரோ படபடவென்று கை தட்டினார்கள். முதலாளிதான். காவலர் ஓடிவந்து உதட்டில் விரல் வைத்தார்.

மணி மூன்று. அக்கா போய் உட்கார்ந்தாள். சபாநாயகர் தொகுதியின் பெயரைச் சொல்லி அழைத்தார். குடைக்காரர் எழுந்தார்.

கையில் அவருடைய ஆளுங்கட்சிக் கொறடா எழுதிக் கொடுத்த தாள். ஓட்டுப் போடுவது எப்படி, பேசுவது என்ன என்பதெல்லாம் கொறடா வைத்த சட்டம். குடைக்காரர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ரயில் நேரம் வாசிப்பது போல வாசித்தார். "வரலாற்றுச் சிறப்பு மிக்க" என்று நான்கு தடவை வந்தது. அக்காவின் பென்சில் தூக்கத்தில் நடப்பது போல் நடந்தது.

வாசித்து முடித்துத் தாளை மடித்துப் பையில் வைத்தார். உட்காரவில்லை.

"பாராட்ட வேண்டியதைப் பாராட்டிட்டேன். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு."

அவை சிரித்தது. கொறடா சிரிக்கவில்லை.

"எங்கப்பா தண்ணி வாரியத்துல பம்பு ஓட்டினார். முப்பத்தாறு வருஷம்."

அக்காவின் பென்சில் ஒரு கணம் தடுக்கியது. சுருக்கெழுத்தில் அப்பா என்பது ஒரு சின்ன வளைவு. எத்தனையோ பேருடைய அப்பாக்களை அவள் அந்த வளைவால் எழுதியிருக்கிறாள். தன் அப்பாவை எழுதுவது இதுதான் முதல் தடவை.

"சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரியைப் பிடிச்சுட்டாங்க. மிச்சத்துல கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து வெச்சார். அதை எடுத்துத்தான் இன்னிக்கு மாத்திரை வாங்கறார், கண்ணாடி மாத்தறார். மசோதா வந்தா அதுக்கெல்லாம் புது வரி. மாசா மாசம் கொடுக்கறோம்னு சொல்றீங்களே, அது அரிசி பருப்பு அளவுக்குத்தான். நேத்து வரைக்கும் சம்பாதிச்சு வரி கட்டினவங்க, நாளைலேர்ந்து செலவழிச்சு வரி கட்டணும். அமைச்சரையா, ஒரே காசுக்கு ரெண்டு தடவை கட்டப் போறவங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

உட்கார்ந்தார்.

அமைச்சர் எழுந்தார். கோப்பைத் திறந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறி வந்தது. வாங்கிப் படித்தார். நான்காக மடித்து மேசையில் வைத்தார். கோப்பையும் மூடினார்.

"உறுப்பினர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாத கேள்வி இல்லை. எட்டு வருஷத்துல பல தடவை என் மேசைக்கு வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் நான்தான் ஓரமா நகர்த்தி வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "என்கிட்ட இதுக்குப் பதில் இல்லை."

உட்கார்ந்தார்.

இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மேசையைத் தட்டிக் கூரையைப் பெயர்க்கிற அவை அது. எதிர்க்கட்சித் தலைவர் பாதி எழுந்தவர், வாய் திறக்காமல் அப்படியே திரும்ப உட்கார்ந்தார். நானூறு பேர் மூச்சு விடுவது கேட்டது. சபாநாயகரின் கை மணியின் மேல் இருந்தது, அடிக்கவில்லை.

அக்கா பென்சிலைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ மந்திரிகள். "ஆராய்வோம்" என்றிருக்கிறார்கள், "பரிசீலனையில் உள்ளது" என்றிருக்கிறார்கள், பழைய ஆட்சியைத் திட்டியிருக்கிறார்கள். இந்த நான்கு வார்த்தையை இந்தக் கூடத்தில் ஒருவர் எழுந்து நின்று சொல்லி அவள் கேட்டதில்லை. கை நடுங்கவில்லை. கண்தான் நிறைந்துவிட்டது. மௌனத்துக்குச் சுருக்கெழுத்தில் குறி கிடையாது. தாளில் வெள்ளையாக ஒரு வரி விட்டாள்.

*

தட்டச்சு செய்து கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டபோது மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்கு அமைச்சரின் செயலர் வந்தார். நல்ல சட்டை, நல்ல புன்னகை.

"ஒரு சின்னத் திருத்தம். 'பதில் இல்லை'ங்கறதை 'பதில் பின்னர் அளிக்கப்படும்'னு மாத்தணும். அமைச்சர் மனசுல நெனச்சது அதுதான்."

"மனசுல நெனச்சதை எழுத எனக்குச் சுருக்கெழுத்து தெரியாது சார்" என்றாள் அக்கா. "அவர் சொன்னது இது."

"கேட்டவர் உங்க தம்பி. எழுதினது நீங்க. நாளைக்கு ஓட்டெடுப்பு. அக்காவும் தம்பியுமாச் சேர்ந்து அமைச்சரைக் கவுத்துட்டாங்கன்னு எவனாவது கிளப்பி விட்டா, உங்க இருபத்து நாலு வருஷம் என்னம்மா ஆகும்?"

அக்கா ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், தன் காதையே சந்தேகப்பட்டாள். தம்பியின் பக்கம் மனம் சாய்ந்து எதையாவது கூட்டி எழுதிவிட்டோமா? நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். கோடுகள் நேராக, தெளிவாக நின்றன.

கமா சாருக்கு நெற்றியில் வியர்வை. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது அவருக்கு. செயலர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார்."

கமா சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "காற்புள்ளி வேணும்னா மாத்தறேன்" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "அர்த்தத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை."

கதவு திறந்தது. அறையே எழுந்து நின்றது. நிதியமைச்சர் தனியாக வந்திருந்தார்.

"பேசினவங்க வந்து படிச்சுப் பார்க்கலாம்னு விதி இருக்கே, அதுக்குத்தான் வந்தேன்" என்றார். யாரோ நாற்காலியை எடுக்க ஓடினார்கள். அதற்குள் அவர் தட்டச்சுக்காரர்களின் முதுகில்லாத முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தை விரலால் தொட்டு வரி வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"நான் இன்னொரு வார்த்தை சொன்னேனேம்மா."

அக்காவுக்குத் தெரியும். அவர் உட்கார்ந்ததும் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருந்தது. "'மன்னிக்கணும்'னு சொன்னீங்க சார்."

"அது இதுல இல்லையே?"

"உட்கார்ந்த பிறகு சொன்னீங்க. உட்கார்ந்துட்டுப் பேசறது அவைக்குறிப்புல வராது சார்."

"நான் கேட்டுக்கிட்டாலும்?"

அக்கா நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். நாட்டின் கஜானாவைக் கையில் வைத்திருப்பவர் எதிரே உட்கார்ந்து, ஒரே ஒரு வார்த்தை கேட்கிறார். அதுவும் நல்ல வார்த்தை.

"நீங்க கேட்டாலும் வராது சார்."

அமைச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் முகம் தளர்ந்தது அப்போதுதான்.

"அப்போ அதை நாளைக்கு நின்னுட்டுச் சொல்றேன்."

பேனாவை எடுத்து, படித்ததற்கு அடையாளமாக ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது செயலரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டினாரா, தேற்றினாரா என்று செயலருக்கே விளங்கவில்லை.

அவர் போன பிறகும் வெகுநேரம் யாரும் உட்காரவில்லை. கமா சார்தான் முதலில் அந்தப் பக்கத்தை எடுத்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"ஒரு கமா குறையுது" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

*

ஐந்தரை மணிக்கு அக்கா வீடு வந்தபோது, மேசை மேல் பழுப்பு உறை ஒன்று பிரித்துக் கிடந்தது. கொறடா ஆள் அனுப்பிக் கொடுத்தது. நாளைக் காலை பதினோரு மணிக்கு 'ஆம்' என்று ஓட்டுப் போடாவிட்டால் கட்சியும் இல்லை, பதவியும் இல்லை. நாலே வரி.

குடைக்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். முதலாளி அவருக்கு எதிரே. இருவரும் பேருந்தில் வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவர்கள் இருந்த இருப்பிலேயே தெரிந்தது.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க" என்று முதலாளி ஆரம்பித்தாள். "எனக்கு இன்னும் அந்த மசோதா வரணும். அந்த அதிகாரி சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. இவர் எழுந்து கேள்வி கேட்டதும், மாடத்துலேர்ந்து செருப்பைக் கழட்டி வீசலாமான்னு பார்த்தேன்."

"வீசியிருந்தா அதையும் எழுதியிருப்பேன்" என்றாள் அக்கா.

"கேளுங்க அண்ணி. அப்புறம் அந்த மனுஷன் எழுந்து இல்லைன்னாரே..." அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அத்தனை பெரிய கூடம். ஈ பறந்தா கேக்கும். நான் சொல்ற மசோதாவுக்கு எதிராத்தான் அவர் சொன்னார். ஆனா எழுந்து கும்பிடணும் போல இருந்துச்சு. இவ்வளவு பெரிய ஆளுங்க உண்மையைச் சொன்னா எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்ல." கணவன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு எப்படி ஓட்டுப் போடுவீங்கன்னு நான் கேக்க மாட்டேன். கடை இருக்கு. பதவி போனா கம்பி மாத்த வாங்க."

ஒரு வாரத்தில் அவள் அவரிடம் குத்தலில்லாமல் பேசியது அதுதான். குடைக்காரர் வாய் திறப்பதற்குள் கூடத்திலிருந்து அப்பா வந்தார்.

"ரேடியோல என்னைச் சொன்னாங்க" என்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பேர் சொல்லலையேப்பா."

"பம்பு ஓட்டினவர், முப்பத்தாறு வருஷம்னு சொன்னான். இந்தத் தெருவுல அப்படி வேற எவன்டா இருக்கான்? எதிர்வீட்டுக்காரன் துக்கம் விசாரிக்கற மாதிரி வந்து என் கையைப் பிடிச்சுட்டுப் போறான். என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"உங்களுக்காகத்தானேப்பா கேட்டேன்."

"நான் எப்போடா சங்கடப்பட்டேன்?" அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "வேலையில சேர்ந்த முதல் நாள் விடிகாலையில மோட்டாரைப் போடச் சொன்னாங்க. போட்டேன். பூமியே அதிர்ந்துச்சு. அரை மணியில ஊர் பூரா குழாயில தண்ணி. பங்களாவுலயும் வந்துச்சு, குடிசையிலயும் வந்துச்சு. யாரு எவ்வளவு கட்டினான்னு தண்ணிக்குத் தெரியுமா? நான் அந்தச் சுவிட்சுல கையை வெச்சுட்டு வாயடைச்சு நின்னேன். மேஸ்திரி வந்து கையை எடுத்துவிட வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் சம்பளச் சீட்டுல என்ன பிடிச்சாங்கன்னு ஒருநாள் நான் முணுமுணுத்ததுண்டா? உங்கம்மா இருந்தா சொல்லியிருப்பா."

குடைக்காரர் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைதான் தினமும் காலையில் வானொலிப் பெட்டியைத் துடைக்கிறது. அதற்குக் கீழே ஒரு ஊரே கண் விழித்திருக்கிறது என்று அவர் நினைத்ததே இல்லை.

"அப்போ நான் கேட்ட கேள்வி தப்பா?"

"கேள்வி சரிதான். கட்ட முடியாதவன் ஆயிரம் பேர் இருப்பான், அவனுக்குப் பதில் வேணும். என்னை எதுக்குடா பாவப்பட்டவனா நிறுத்தினே? நான் ரெண்டு தடவை கட்டுவேன். அதை நாளைக்கு அங்க சொல்லுவியா?"

"நாளைக்கு அமைச்சரைத் தவிர யாருக்கும் பேச்சு கிடையாதுப்பா. எங்களுக்கு ஓட்டு மட்டும்தான்."

"அப்போ நானும் வரேன்."

"மாடத்துல இடம் இல்லப்பா. சீட்டெல்லாம் போன வாரமே தீர்ந்து போச்சு."

முதலாளி கைப்பையைத் திறந்தாள். இரண்டு நாளுக்குமான அனுமதிச் சீட்டை எடுத்து மேசையில் வைத்து, கொறடாவின் உறையைத் தாண்டி அப்பா பக்கம் தள்ளினாள்.

"நீங்க போங்க மாமா. நாளைக்கு நான் கடையைத் திறக்கணும்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டின் இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"மேலேர்ந்து பேசினா உனக்குக் கேக்குமா?"

"அப்பா! மாடத்துல இருக்கறவங்க வாயே திறக்கக் கூடாது. பேசினா காவலர் தூக்கிட்டுப் போய் வெளிய விட்டுடுவாங்க."

"தூக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சீட்டை மடிக்காமல் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியைத் தேடி உள்ளே போனார்.